அப்பா எழுதாத மெயில்கள்

கரமனையில் அந்தத் தெருவில் யாருக்காவது சந்தேகமான மெயில் வந்தால் முதலில் நீலகண்டனிடம்தான் கொண்டுவந்து காட்டுவார்கள். அரசாங்கத்தில் தணிக்கை உத்தியோகம் பார்த்தவர். முப்பத்திரண்டு வருஷம் மற்றவர்கள் எழுதிவைத்ததில் தப்புக் கண்டுபிடித்தே ஓய்வு பெற்றவர். இப்போது குடியிருப்போர் சங்கத்துக்குச் செயலாளர். போன வருஷம் யாரும் கேட்காமலே ஒரு நோட்டீஸ் தயாரித்தார். இன்டர்நெட் கம்பெனி அனுப்பியது மாதிரி வரும் போலி மெயிலை எப்படி அடையாளம் காண்பது என்று. அனுப்பியவர் பெயரைப் பார்த்து மயங்காதீர்கள், முகவரியின் வாலைப் பாருங்கள். இன்று மாலைக்குள் என்று விரட்டினால் நம்பாதீர்கள். எந்தக் கம்பெனியும் உங்கள் பாஸ்வேர்டைக் கேட்காது. லிங்கைத் தொடாமல் ஆபீசுக்கு நீங்களே ஃபோன் செய்யுங்கள். தமிழில் ஒரு பக்கம், மலையாளத்தில் ஒரு பக்கம். எண்பது காப்பி எடுத்து வீடு வீடாகக் கொடுத்தார்.

அப்படியும் தெருக்கோடி வீட்டு ஐயப்பன் ஒரு மெயிலில் ஏமாந்துபோனார். சங்கக் கூட்டத்தில் அத்தனை பேர் முன்னாலும் நீலகண்டன் கேட்டார்.

"நோட்டீஸ் ரெண்டு பாஷையிலேயும் அடிச்சுக் கொடுத்தேனே. எந்த பாஷை தெரியாது உங்களுக்கு?"

எல்லோரும் சிரித்தார்கள். ஐயப்பனும் சிரிக்கப் பார்த்தார். அதற்கப்புறம் அவர் கூட்டத்துக்கு வருவதில்லை. நீலகண்டனின் மனைவி நாகலக்ஷ்மிக்கு மட்டும் இரண்டு மாதம் ஐயப்பன் மனைவியின் முகத்தைப் பார்க்க முடியாமல் இருந்தது. கணவரிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசுகிற வழக்கம் அந்த வீட்டில் அவளுக்கு இல்லை.

ஜூன் மாதம் பிடித்த மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. ஒரு புதன்கிழமை காலை எட்டு மணிக்கு எங்கேயோ தென்னை மட்டை விழுந்து கேபிள் அறுந்து, தெருவில் பாதி வீட்டுக்கு நெட் போய்விட்டது. நீலகண்டன் அன்று மதியத்துக்குள் சங்கத்தின் ஆண்டறிக்கையை அனுப்பியாக வேண்டும். கம்பெனி ஆபீசுக்குப் பத்து தடவை ஃபோன் செய்தார். ஒவ்வொரு தடவையும் பாட்டுத்தான் கேட்டது. பதினோரு மணிக்கு அவர் ஃபோனில், மொபைல் டேட்டாவில், ஒரு மெயில் வந்தது. கம்பெனியின் பெயர், கம்பெனியின் சின்னம், அதே பச்சை நிறம். 'உங்கள் இணைப்பு தற்காலிகமாக நிறுத்தப்பட்டுள்ளது. சரிபார்த்தவுடன் மீண்டும் வழங்கப்படும்.' கீழே ஒரு பட்டன். அதைத் தொட்டதும் மெயில் ஐடியும் பாஸ்வேர்டும் கேட்டது. கொடுத்தார். நன்றி என்று வந்தது.

அரை மணியில் நெட்டும் வந்துவிட்டது. கேபிள்காரர்கள் மழையில் ஏறி ஒட்டுப்போட்டதால் வந்தது. ஆனால் நீலகண்டன் சமையலறை வாசலில் வந்து நின்று சொன்னார்.

"பாத்தியோ நாகு, முறையா ஒரு கம்ப்ளெயின்ட் பண்ணினா அரை மணியில நடக்கறது."

நாலு மணிக்குக் கம்ப்யூட்டரில் மெயிலைத் திறக்கப் பார்த்தபோது பாஸ்வேர்டு தப்பு என்றது. இன்னொரு தடவை போட்டார். மறுபடியும் தப்பு. ஃபோனை எடுத்து காலையில் வந்த மெயிலைத் தேடினால் ஃபோனிலும் அந்தக் கணக்கு வெளியே தள்ளப்பட்டிருந்தது. அப்போதுதான் புரிந்தது. உடனே பாங்குக்கு ஃபோன் செய்தார். பாங்குக் கணக்குக்கும் அந்த மெயிலுக்கும் சம்பந்தமில்லை, பணம் பத்திரமாக இருக்கிறது என்று சொன்னார்கள். அதோடு மனசைத் தேற்றிக்கொண்டு வாயை மூடிக்கொண்டார். 'நீலகண்டன் சாரே ஏமாந்துட்டாராம்' என்று தெருவில் ஒருவன் சொல்ல, ஐயப்பன் அதைக் கேட்கிற காட்சியை அவரால் சகிக்க முடியவில்லை. நாகலக்ஷ்மியிடம், "மெயில் சர்வர்ல ஏதோ தகராறு. ரெண்டு நாள்ல சரியாயிடும்" என்றார். ரகசியமாக மூன்று தடவை கணக்கை மீட்கப் பார்த்தார். முடியவில்லை.

இதெல்லாம் நாகலக்ஷ்மிக்குத் தெரியவந்தது ஆறாவது நாள்.

அன்று செவ்வாய்க்கிழமை. அவள் அக்கா பிள்ளை மஹேஷ் பெங்களூரிலிருந்து கூப்பிட்டான்.

"சித்தி? நீங்களேதான் பேசறேளா?"

"பின்னே வேற யாரு பேசுவா?"

"ஒண்ணுமில்லையே உங்களுக்கு?"

"எனக்கென்னடா? நன்னா இருக்கேன். ஏன் இப்படிக் கேக்கறே?"

"நீங்க ஐசியூவுல இருக்கேள், அவசரமாப் பணம் வேணும்னு சித்தப்பா மெயில் அனுப்பியிருக்கார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. அப்புறம் பாத்தா காலமே ஃபேமிலி குரூப்ல வெள்ளரிக்காய்ப் பச்சடி போட்டோ போட்டிருக்கேள். ஐசியூவுல யாரு பச்சடி பண்ணுவான்னு தோணித்து. அதான் கூப்பிட்டேன். சித்தப்பா மெயிலை யாரோ பிடிச்சுட்டா சித்தி."

ஃபோனை வைத்துவிட்டு அவள் கூடத்துக்கு வந்தாள். நீலகண்டன் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன்னா, நான் ஐசியூவுல இருக்கேனாமே?"

அவர் பேப்பரை மடித்தார். மறைக்கிற வேளை தாண்டிவிட்டது என்று அவருக்கே தெரிந்தது. நடந்ததைச் சொன்னார். சொல்லும்போதே கோபம் வந்தது, கம்பெனிமேல். நம் தெருவில் லைன் போனது அந்தத் திருடர்களுக்கு எப்படித் தெரியும்? உள்ளே இருக்கிறவன் எவனோதான் சொல்லியிருக்கிறான். நேரில் போய் நாலு கேள்வி கேட்காமல் விடப்போவதில்லை என்று சட்டையை மாட்டினார்.

"நானும் வரேன்" என்றாள் நாகலக்ஷ்மி. செத்துக்கொண்டிருக்கிறாள் என்று ஊரெல்லாம் எழுதியது அவளைப் பற்றி அல்லவா.

தம்பானூரில் ஒரு லாட்ஜுக்கு மேல் இரண்டாவது மாடியில் கம்பெனியின் ஆபீஸ் இருந்தது. கவுண்டரில் ரத்னாபாய் என்று பெயர் அட்டை குத்திய பெண் இருந்தாள். நாற்பத்தைந்து வயசிருக்கும். எல்லையோரப் பாறசாலைப் பக்கத்துப் பேச்சு. நீலகண்டன் கத்தி முடிக்கிற வரைக்கும் பொறுமையாகக் கேட்டாள்.

"சாரே, இது நாங்க அனுப்புனது இல்ல கேட்டியளா. இந்த மழைக்கு மட்டும் நாப்பது பேரு இப்படி வந்தாச்சு."

"எங்க தெருவுல லைன் கட்டானது அவனுக்கு எப்படித் தெரியும்? உங்க ஆள் சொல்லாமயா?"

"அவனுக்கு ஒண்ணும் தெரியாண்டாம் சாரே. மழைக்காலம். தெனமும் எங்கயாவது லைன் போவும். அவன் பத்தாயிரம் பேருக்கு அனுப்புவான். லைன் இருக்கவன் அழிச்சிட்டுப் போயிருவான். லைன் இல்லாம தவிச்சுக்கிட்டு இருக்கவன் தொட்டுருவான். நீங்க தவிச்ச நேரம் பாத்து வந்திருக்கு. அவ்வளவுதான்."

ரத்னாபாய் டிராயரைத் திறந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள்.

"வயசானவிய வந்தா இதக் கொடுக்கது. உங்க கரமனைப் பக்கத்துல யாரோ எழுதுனது. நல்ல விவரமா எழுதியிருக்கு. இனிமேலாவது இதப் படிச்சுப் பாத்துக்கிடுங்க சாரே."

நாகலக்ஷ்மிக்குத் தாளைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. மேலே சங்கத்தின் பெயரை மட்டும் மறைத்துக் காப்பி எடுத்திருந்தார்கள். நீலகண்டன் அதை வாங்கி நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். நான் எழுதியது என்று சொல்லவில்லை. அவளும் சொல்லவில்லை. அந்த ஒரு நிமிஷம் அவர்மேல் அவளுக்குப் பரிதாபம்கூட வந்தது. அது அதிக நேரம் நிற்கவில்லை.

கணக்கை மீட்கிற வேலையில் ரத்னாபாய் இறங்கினாள். திருடர்கள் ஃபோன் நம்பரை மாற்றியிருந்தாலும், ஒரு வாரத்துக்குள் என்றால் பழைய நம்பருக்கே ஓடிபி வரும் என்றாள். இன்னும் ஒரு நாள்தான் பாக்கி. இரண்டாவது தடவை ஓடிபி வந்தது. புது பாஸ்வேர்டு போட்டு, கணக்கு திரும்பக் கைக்கு வந்தது. வந்த வேகத்தில் நீலகண்டன் படிக்கிற கண்ணாடியை வீட்டிலேயே விட்டுவிட்டிருந்தார். அதனால் ஃபோன் நாகலக்ஷ்மியின் கையில் இருந்தது.

"அம்மா, அனுப்புன மெயிலெல்லாம் இருக்க இடத்துல பாருங்க. ஆருக்கெல்லாம் போயிருக்குன்னு தெரிஞ்சாத்தானே ஏமாறாண்டாம்னு சொல்ல முடியும்?"

நாகலக்ஷ்மி திறந்தாள். நூறு பேருக்கு மேல் ஒரே மெயில் போயிருந்தது. மனைவி ஐசியூவில், உதவி தேவை. பழைய ஆபீஸ் நண்பர்கள், கோயில் கமிட்டி, பல் டாக்டர். விரலால் தள்ளிக்கொண்டே போனாள். பிறகு ஒரே பெயர் திரும்பத் திரும்ப வர ஆரம்பித்தது. பதினோரு தடவை. மாளவிகா.

அவள் விரல் நின்றது.

"என்ன? கொடு இங்கே" என்று நீலகண்டன் கை நீட்டினார். அவர் குரலில் இருந்த அவசரம் அவளுக்குப் புதிதாக இருந்தது. அவள் ஃபோனைக் கொடுக்கவில்லை. நாற்காலியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டு உட்கார்ந்து, அந்தப் பெயரைத் தொட்டாள்.

மாளவிகா அவர்களுடைய ஒரே பெண். ஆறு வருஷத்துக்கு முன்னால் கழக்கூட்டம் ஐ.டி. ஆபீசில் கூட வேலை பார்த்த ஜிபின் என்கிற பையனைக் கல்யாணம் பண்ணிக்கொண்டாள். நெய்யாற்றின்கரைக்காரன், கிறிஸ்தவன். "இனிமே இந்த ஆத்துல உனக்கு ஒருத்தரும் இல்லை" என்று நீலகண்டன் சொன்னார். சொன்னதோடு விடவில்லை. தன் ஃபோனிலும் நாகலக்ஷ்மியின் ஃபோனிலும் அவள் நம்பரையும், பிறகு வெளிநாட்டு நம்பர்கள் எல்லாவற்றையும் வராமல் தடுத்துவைத்தார். சொந்தக்காரர்களிடமும் சொல்லிப் பேச்சை நிறுத்த வைத்தார். தடுத்ததை எப்படி எடுப்பது என்று நாகலக்ஷ்மிக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள முயன்றதும் இல்லை என்பதுதான் நிஜம். இரண்டு பேரும் அயர்லாந்துக்குப் போய்விட்டதாக யாரோ சொல்லிக் கேள்வி. எப்போதாவது அவள் மனசு தாங்காமல் பெண்ணின் பேச்சை எடுத்தால் நீலகண்டன் ஒரே பதில்தான் சொல்வார். "இத்தனை வருஷத்துல அவ ஒரு வார்த்தை விசாரிச்சிருக்காளா? அவளுக்கில்லாத அக்கறை உனக்கென்ன?" அதுவும் நியாயம்தான் என்று அவள் பெண்ணின்மேலேயே வருத்தப்பட்டுக்கொண்டு உள்ளே போய்விடுவாள்.

அந்தப் பெண் விசாரித்திருந்தாள். வருஷா வருஷம், அப்பாவின் பிறந்த நாளன்று, ஒன்று தவறாமல். ஆறு மெயில்கள். எல்லாம் திறந்து படிக்கப்பட்டிருந்தன. ஒன்றுக்கும் பதில் போகவில்லை. முதல் மெயிலில் மன்னிப்புக் கேட்டிருந்தாள். இரண்டாவதில் வேலை கிடைத்ததைச் சொல்லியிருந்தாள். மூன்றாவதில் ஒரு குழந்தையின் படம் இருந்தது. பெண் குழந்தை, பிறந்து பத்து நாள். ஐந்தாவதில் அதே குழந்தை மழைக்கோட்டு போட்டுக்கொண்டு நின்றது. முன்பல் இரண்டும் கொஞ்சம் விலகி, நீலகண்டனுடைய பல் மாதிரியே. ஒவ்வொரு மெயிலின் கடைசியிலும் ஒரே வரி. 'அம்மாவை ஒரு தடவை என்னைக் கூப்பிடச் சொல்லுங்கள் அப்பா.' அதற்குக் கீழே நம்பர்.

நாகலக்ஷ்மிக்கு ஒரு பேத்தி இருக்கிறாள் என்பது அவளுக்குத் தம்பானூரில் ஒரு லாட்ஜ் மாடியில், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது தெரிந்தது.

இந்த ஆறு மெயிலையும் திருடன் படித்திருக்கிறான். படித்துவிட்டுப் பதில் எழுதியிருக்கிறான். முதலில் மற்றவர்களுக்கு எழுதியதுதான். அம்மா ஐசியூவில், அவசரம். மாளவிகா ஒரு மணி நேரத்தில் பணம் அனுப்பிவிட்டாள். 'அப்பா, உங்கள் ஃபோன் போகவே மாட்டேன் என்கிறது. அம்மாவுக்கு எப்படி இருக்கிறது?' என்று கேட்டிருந்தாள். ஃபோன் போகாது. அதை எப்போதோ நீலகண்டன் பார்த்துக்கொண்டுவிட்டாரே. ஃபோன் தொலைந்துவிட்டது, ஐசியூவில் யாரையும் விடுவதில்லை, மெயிலில் மட்டும் பேசு என்று திருடன் எழுதினான். பிடி கிடைத்ததும் அவன் பேச்சே மாறியது. நல்ல இங்கிலீஷில், நிதானமாக எழுதியிருந்தான். நான் செய்தது தப்பு மகளே. உன் கடிதங்களை எல்லாம் வைத்திருக்கிறேன். பதில் எழுத எனக்குத் தைரியம் வரவில்லை. உன் புருஷன் எனக்குப் பிள்ளை மாதிரி. குழந்தையைப் பார்க்க வேண்டும் என்று உன் அம்மா சொல்லிக்கொண்டே இருக்கிறாள்.

நாகலக்ஷ்மி அதை இரண்டு தடவை படித்தாள். முப்பத்தெட்டு வருஷத் தாம்பத்தியத்தில் அந்த மனுஷர் வாயிலிருந்து அப்படி ஒரு வாக்கியத்தை அவள் கேட்டதில்லை. எங்கேயோ உட்கார்ந்திருக்கிற ஒரு திருடனுக்கு அது தெரிந்திருந்தது, ஒரு பெண்ணுக்கு என்ன வேண்டும் என்று.

மாளவிகா இரண்டாவது தடவையும் பணம் அனுப்பியிருந்தாள். நேற்று எழுதிய கடைசி மெயிலில், 'லீவு கிடைத்துவிட்டது அப்பா. வெள்ளிக்கிழமை காலையில் குழந்தையோடு வந்து இறங்குகிறேன். அதுவரைக்கும் அம்மாவைப் பார்த்துக்கொள்ளுங்கள். உங்களையும்' என்று இருந்தது.

"எனக்கு ஏன் சொல்லலை?" என்று கேட்டாள். குரல் உயரவில்லை.

நீலகண்டன் ரத்னாபாயைப் பார்த்தார். அவள் எழுந்து உள் அறைக்குப் போனாள்.

"எதைச் சொல்ல?"

"அவ எழுதறான்னு. குழந்தை பொறந்திருக்குன்னு."

"சொன்னா நீ தாங்கமாட்டே. அழுதுண்டு நிப்பே. எதுக்கு அது?"

"எனக்காகவா மறைச்சேள்?"

அவர் ஃபோனைக் காட்டி, "முதல்ல ஆக வேண்டியதைப் பார்ப்போம். பணம் அனுப்பாதேன்னு அவளுக்கு உடனே எழுதணும். கொடு, நான் சொல்லச் சொல்ல நீ அடி" என்றார்.

ஆபீசில் ஸ்டெனோவுக்குச் சொல்வது போலச் சொன்னார். சென்ற வியாழக்கிழமை முதல் இந்த முகவரியிலிருந்து உனக்கு வந்த மெயில்கள் எதையும் நான் எழுதவில்லை. மோசடிக்காரர்கள் எழுதியவை. உன் அம்மா ஆரோக்கியமாக இருக்கிறாள். இனி பணம் எதுவும் அனுப்ப வேண்டாம். அந்த மெயில்களை நம்பிப் பயணம் புறப்பட வேண்டாம்.

அதுவரைக்கும் அடித்துவிட்டு நாகலக்ஷ்மி நிமிர்ந்தாள்.

"அப்புறம்?"

"அவ்வளவுதான். பேரைப் போட்டு அனுப்பு."

"ஏன்னா, நான் சாகக் கெடக்கேன்னு நெனச்சிண்டு பொண்ணு பதறிண்டு வரக்கூடாது. அது சரி. அதை எழுதியாச்சு. ஆனா கடைசியில வா-ன்னு ஒரே ஒரு வார்த்தை போடுங்கோ. டிக்கெட் எடுத்துட்டா. லீவு போட்டுட்டா. நீங்க ஒண்ணும் மன்னிப்புக் கேக்க வேண்டாம். வா-ன்னு மட்டும்."

"அதைத்தானே அந்தத் திருடன் எழுதியிருக்கான்? நானும் அதையே எழுதினா எது நிஜம், எது பொய்னு அவளுக்கு எப்படித் தெரியும்?"

அதில் தப்புக் கண்டுபிடிக்க முடியாது. அவர் சொல்வதில் என்றைக்குமே தப்புக் கண்டுபிடிக்க முடிந்ததில்லை. அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் ஃபோனை வாங்கி, கண்ணுக்கு எட்டத்தில் பிடித்து, தானே பெயரை அடித்து அனுப்பினார். ஸ்டேஷனுக்குப் போய்ப் புகார் கொடுக்க வேண்டும், கீழே ஆட்டோ பிடித்துவைக்கிறேன் என்று படி இறங்கிப் போனார்.

ரத்னாபாய் திரும்பி வந்தபோது நாகலக்ஷ்மி தன் ஃபோனைக் கவுண்டர்மேல் வைத்தாள். மெயிலின் கீழே இருந்த நம்பரைப் படிக்கும்போதே மனசில் வாங்கிவைத்திருந்தாள்.

"இதுல ஒரு நம்பரைத் தடுத்து வெச்சிருக்கு. எடுத்துக் கொடுங்கோம்மா. என் பொண்ணு நம்பர்."

அதை எடுப்பதற்கு அரை நிமிஷம்கூட ஆகவில்லை. ஆனால் அது பழைய இந்திய நம்பர். செத்துப்போன நம்பர். மெயிலில் இருந்த அயர்லாந்து நம்பரை அவள் சொல்லச் சொல்ல ரத்னாபாய் போட்டு வாட்ஸ்ஆப்பில் கூப்பிட்டுக் கொடுத்தாள். அங்கே காலை வேளை. மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"ஹலோ?"

"மாளூ."

அந்தப் பக்கம் தூரத்தில் ஒரு குழந்தை ஏதோ பாடிக்கொண்டிருந்தது.

"மாளூ, அம்மா பேசறேண்டி. எனக்கு ஒண்ணுமில்லை. ஆஸ்பத்திரியும் இல்லை, ஒண்ணும் இல்லை. நன்னா இருக்கேன். அதெல்லாம் திருட்டுப் பசங்க எழுதினது."

"யாரு நீங்க?"

"அம்மாடி."

"இப்பதான் ஒரு மெயில் வந்தது, அதெல்லாம் பொய்னு. முன்னே வந்ததும் அதே ஐடி, இப்ப வந்ததும் அதே ஐடி. ஆபீஸ்ல நான்தான் இதுக்கெல்லாம் கிளாஸ் எடுக்கறேன். அட்ரஸைப் பாரு, அட்ரஸைப் பாருன்னு. பாத்தேன். அப்பா அட்ரஸ்தான். அதுக்கு மேல என்னத்தைப் பாக்கறது? குரலைக்கூட இப்பல்லாம் மெஷின்ல பண்ணிடறா. நீங்க யாருன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"என்ன வேணுமானாலும் கேளு. சொல்றேன்."

மாளவிகா ஒரு கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"நான் ஆத்தை விட்டுக் கிளம்பின அன்னிக்கு அப்பா என்ன சொன்னார்னு எல்லாருக்கும் தெரியும். நீ என்ன சொன்னே?"

நாகலக்ஷ்மி கவுண்டரின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒண்ணும் சொல்லலை. நான் வெளியிலயே வரலை. சமையல் உள்ளுல குழாயைத் திறந்து விட்டுண்டு பாத்திரம் தேச்சிண்டிருந்தேன். நீ வாசல்ல நின்னுண்டு அம்மா, அம்மான்னு ரெண்டு தரம் கூப்பிட்டே."

"கேட்டுதா உனக்கு?"

"கேட்டுது."



"தண்ணிச் சத்தத்துல கேட்டிருக்காதுன்னு நெனச்சிண்டிருந்தேன், இத்தனை வருஷமா. ஜிபின்கிட்டேகூட அப்படித்தான் சொல்லி வெச்சிருக்கேன்."

தாய்தான் என்பதை நாகலக்ஷ்மி நிரூபித்துவிட்டாள். அதற்குக் கொடுத்த விலை என்ன என்பதும் அந்த நொடியிலேயே புரிந்துவிட்டது.

"வெள்ளிக்கிழமை வருவியோல்லியோ?"

"அப்பா கிளம்ப வேண்டாம்னு எழுதியிருக்காரே."

"அப்படி இல்லைடி. அந்த மெயிலை நம்பிக் கிளம்பாதேன்னுதான்..."

"அந்த மெயிலை நம்பித்தானே அம்மா நான் கிளம்பினேன்? வேற எதை நம்பி வரணும்?" என்றாள் மாளவிகா. அழுகிறாளோ என்று நாகலக்ஷ்மி பயந்தாள். அழவில்லை. "நாலு நாள் எனக்கு அப்பா இருந்தார். குழந்தைக்கு 'தாத்தா'ன்னு சொல்லக் கத்துக்கொடுத்தேன். பணம் போனா சம்பாதிச்சுக்கலாம். இதை நான் இவகிட்டே எப்படிம்மா சொல்லுவேன்?"

"நீ வாடி. நான் கூப்பிடறேன். நான் இருக்கேன்."

"இப்ப வேண்டாம்மா. நானே கூப்பிடறேன்." வைப்பதற்கு முன்னால், "உடம்பைப் பாத்துக்கோ" என்றாள். யாரோ பழக்கமில்லாதவர்களிடம் சொல்வது போல.

கீழே ஆட்டோ ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தது. படி இறங்கி வந்தவள் ஆட்டோவில் ஏறினாள். நீலகண்டன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு ஓரத்து மழைத்துணியை இழுத்துவிட்டார்.

ஸ்டேஷனில் சைபர் புகார் எடுப்பவர் இளம் வயது அதிகாரி. மலையாளத்தில் மரியாதையாகக் கேட்டார். மெயில் வந்த நாள், நேரம், தொட்ட லிங்க். நீலகண்டன் எல்லாவற்றையும் தேதி வாரியாகச் சொன்னார். யார் யார் பணம் அனுப்பி ஏமாந்தார்கள் என்ற பட்டியலுக்கு வந்தபோது, வந்திருந்த பதில்களில் தெரிந்தவரை மூன்று பேர் என்றார். தாளை எட்டத் தள்ளிவைத்து இரண்டு பழைய நண்பர்களின் பெயரை எழுதினார். மூன்றாவது வரியில் பேனா கொஞ்சம் நின்றது. பிறகு மாளவிகா என்று எழுதினார். உறவு என்ற கட்டத்தில் 'மகள்' என்று நிரப்பினார். அடுத்த கட்டம் ஃபோன் நம்பர். அவர் நாகலக்ஷ்மியின் பக்கம் திரும்பினார். அவள் பார்க்காமலே சொன்னாள். ஒவ்வோர் எண்ணாக அவர் எழுதினார்.

பணம் திரும்பி வருவது கஷ்டம்தான் என்றார் அதிகாரி. அனுப்பியவர்களும் தனித்தனியாகப் புகார் கொடுத்தால் நல்லது. வெளிநாட்டில் இருக்கும் மகள் ஆன்லைனிலேயே பதிவு செய்யலாம். "நீங்க மகளைக் கூப்பிட்டு விவரம் சொல்லுங்க சார், சீக்கிரமாப் பண்ணணும்" என்று ஒரு தாளில் வெப்சைட் விலாசம் எழுதிக் கொடுத்தார். நீலகண்டன் தலையை ஆட்டி வாங்கிக்கொண்டார்.

வெளியே மழை லேசாக விட்டிருந்தது. வாசலில் நின்று அவர் அந்தத் தாளை அவளிடம் நீட்டினார்.

"நீயே சொல்லிடு அவகிட்டே."

நாகலக்ஷ்மி தாளைப் பார்த்தாள். கையை நீட்டவில்லை.

"உங்ககிட்டேதானே சொல்லச் சொன்னார்? நீங்க சொல்லுங்கோ" என்றாள்.

புடவைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு, ஆட்டோவுக்குக் காத்திராமல், அவள் கரமனை பஸ் நிற்கிற பக்கமாக நடந்தாள். பின்னால் "நாகு" என்று ஒரு தடவை கூப்பிட்டது கேட்டது. அவள் நடையைக் குறைக்கவில்லை. பஸ் வந்ததும் ஏறி, ஜன்னல் ஓரமாக இடம் பிடித்து, ஒரு டிக்கெட் வாங்கினாள்.